மரணத்துக்கு எதற்கு இரண்டு சட்டம்?

திண்டுக்கல்லுக்கும் கரூருக்கும் நடுவில் இருக்கும் ஊர் குஜிலியம்பாறை. சுற்றிலும் மானாவாரி நிலம். மழை பொய்த்தால் வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளும் கரிக்காலி சிமென்ட் ஆலையும்தான் கதி. வேலைக்குப் போய்வர இருசக்கர வாகனத்தை விட்டால் பலருக்கு வேறு வழியில்லை. இந்தச் சாலைகளில் ஒருவர் தலையில் அடிபட்டு விழுந்தால் 108 வண்டி அவரைத் திண்டுக்கல்லுக்கோ கரூருக்கோ கொண்டுபோகும். காயம் கடுமையாக இருந்தால் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கோ ஒரு தனியார் மருத்துவமனைக்கோ அனுப்பிவைப்பார்கள். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பத்தாரிடம் மருத்துவர் வந்து, மூளைச்சாவு ஏற்பட்டுவிட்டது என்கிறார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் சொல்லும் பதிலை வைத்துத்தான் உள்ளே படுத்திருப்பவர் உயிரோடு இருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்பதே முடிவாகிறது. உறுப்புகளைத் தரச் சம்மதித்தால் அவர் இறந்தவர். மறுத்தால், அதே உடலும் அதே பரிசோதனை முடிவும் இருந்தும், அவர் நோயாளி. வெண்டிலேட்டர் ஓடும், மருந்து ஏறும், கட்டணமும் ஏறும். இறந்தவரின் உடலிலிருந்து உறுப்பை எப்படி எடுக்க வேண்டும் என்பதற்கு நம்மிடம் ஓரளவு நல்ல சட்டமே இருக்கிறது. யார் இறந்தவர் என்பதில்தான் இந்தியச் சட்டம் இரண்டு நாக்கால் பேசுகிறது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஏழைகளின் சிறுநீரகம் இந்தியாவில் கடைச்சரக்காக இருந்தது. சென்னையின் வில்லிவாக்கம் அதற்காகவே வெளிநாட்டுப் பத்திரிகைகள்வரை பேர் வாங்கியது. அந்த வியாபாரத்தை ஒழிக்கவும், உயிரோடிருப்பவரை அறுப்பதற்குப் பதிலாக இறந்தவரின் உறுப்பைப் பயன்படுத்த வழிசெய்யவும் வந்ததுதான் 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம். 1995 பிப்ரவரி 4 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2011-இல் திருத்தப்பட்டுத் திசுக்களையும் சேர்த்துக்கொண்டது. புதிய விதிகள் 2014-இல் வந்தன. மூளைத்தண்டு செயலிழப்பதும் மரணமே என்பதை இந்தியச் சட்டம் முதன்முதலாக ஏற்றது இந்தச் சட்டத்தில்தான். ஆனால் பிறப்பு இறப்புப் பதிவுக்கென்று 1969-இல் போட்ட சட்டம் அப்படியே இருந்துவிட்டது. உயிர் இருப்பதற்கான எல்லா அடையாளங்களும் நிரந்தரமாக மறைவதே மரணம் என்கிறது அது. 1994 சட்டம் அதே வாசகத்தை எடுத்து, மூளைத்தண்டுச் சாவாலோ இதயமும் நுரையீரலும் நின்றதாலோ அப்படி மறைந்தவர் ‘இறந்தவர்’ என்று ஒரு வரி கூட்டிக்கொண்டது. கூட்டியதோ உறுப்பு எடுக்கும் காரியத்துக்கு மட்டும். 2023-இல் பதிவுச் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தியபோது டிஜிட்டல் சான்றிதழில் காட்டிய அக்கறையை மரணத்தின் வரையறையில் காட்டவில்லை.

மூளைச்சாவைச் சான்றளிக்கும் முறையில் அலட்சியம் இருக்கிறதா என்றால், இல்லை. நான்கு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும்: மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவர், அரசு ஏற்ற பட்டியலிலிருந்து ஒரு நிபுணர், நரம்பியல் மருத்துவர் அல்லது நரம்பியல் அறுவை நிபுணர், சிகிச்சை அளித்துவரும் மருத்துவர். நரம்பியல் நிபுணர் கிடைக்காத இடத்தில் பட்டியலில் உள்ள அறுவை மருத்துவரோ பொது மருத்துவரோ மயக்கவியல் மருத்துவரோ தீவிர சிகிச்சை மருத்துவரோ அந்த இடத்தை நிரப்பலாம் என்று 2011 திருத்தம் தளர்த்தியது. திண்டுக்கல் போன்ற ஊர்களுக்கு அது அவசியமான தளர்வு. உறுப்பு மாற்று அறுவைக் குழுவில் இருப்பவர் இதில் சேரக் கூடாது. கண்மணி ஒளிக்கு அசைகிறதா, தொண்டையைத் தூண்டினால் இருமல் வருகிறதா, வெண்டிலேட்டரை நிறுத்திக் கரியமில வாயு ஏறவிட்டால் தானாக ஒரு மூச்சாவது இழுக்கிறாரா என்று பார்க்கிறார்கள். ஆறு மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி செய்கிறார்கள். கோமாவில் இருப்பவருக்கு மூளைத்தண்டு வேலை செய்யும். அவர் கண் விழிக்கவும்கூடும். இந்தப் பரிசோதனைகளில் முறைப்படி தோற்றவர் திரும்புவதில்லை. உறுப்புக்காக மருத்துவர்கள் கண்டுபிடித்த மரணம் இது என்ற பேச்சுக்கும் காலக்கணக்கு ஒத்துவரவில்லை. பிரான்ஸில் மொல்லாரே, கூலோன் என்ற இரு மருத்துவர்கள் இந்த நிலையை விவரித்தது 1959-இல். முதல் இதய மாற்று அறுவை நடந்தது 1967-இல். வெண்டிலேட்டர் வந்ததால்தான் இந்த நிலை கண்ணுக்குத் தெரிந்தது.

சம்மதம் பற்றிய விதிகளும் நிதானமானவை. ஒருவர் உயிரோடிருக்கையில் இரண்டு சாட்சிகள் முன்னால் எழுத்தில் சம்மதம் தந்திருந்தால், அதை அவர் பின்னால் திரும்பப் பெற்றதாக நினைக்கக் காரணம் இல்லாதவரை, உடலைச் சட்டப்படி தம் பொறுப்பில் வைத்திருப்பவர் உறுப்பு எடுக்க வசதி செய்துதர வேண்டும். எதுவுமே எழுதிவைக்காமல், எதிர்ப்பும் சொல்லாமல் இறந்திருந்தால், உறவினர் முடிவெடுக்கலாம். நெருங்கிய உறவினர் எவருக்கேனும் ஆட்சேபம் இருப்பதாகத் தெரிந்தால் எடுக்கக் கூடாது. பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரில் ஒருவர் எழுதித்தர வேண்டும். அனுமதியின்றி எடுத்தால் பத்தாண்டுவரை சிறை, 20 லட்சம் ரூபாய்வரை அபராதம். சிகிச்சை தவிர வேறு காரியத்துக்கு எடுக்கவே முடியாது. நடைமுறையில், இறந்தவர் கையெழுத்துப் போட்ட அட்டை பையில் இருந்தாலும் குடும்பம் வேண்டாம் என்றால் எந்த மருத்துவமனையும் கத்தியை எடுப்பதில்லை. சட்டத்தின் எழுத்துக்கு இது முரண்தான் என்றாலும் நல்ல முரண். இந்தச் சட்டத்தில் ஒரு வேடிக்கையான பிரிவும் இருக்கிறது: மருத்துவமனையிலோ சிறையிலோ இறந்தவரை 48 மணி நேரத்துக்குள் யாரும் கேட்டு வராவிட்டால் நிர்வாகமே உறுப்பு எடுக்க அனுமதிக்கலாம். இதயம் நின்ற உடலில் 48 மணி நேரம் கழித்து மாற்று அறுவைக்கு ஆகும் உள்ளுறுப்பு எது? நாதியற்றவர்களை நோக்கி நீட்டிய அந்தக் கை வெறுங்கையாகவே இருந்துவிட்டதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

ஆக, பரிசோதனை சரி, சம்மதமும் சரி. கோளாறு இவை இரண்டையும் கட்டிவைத்திருக்கும் முடிச்சில் இருக்கிறது. குடும்பம் மறுத்ததும் மருத்துவர் என்ன செய்வது? பதிவுச் சட்டத்தின்படி அவர் இறக்கவில்லை, இதயம் துடிக்கிறது. வெண்டிலேட்டரை நிறுத்தினால் நாளைக்கு வழக்கு வருமா என்ற பயம் மருத்துவருக்கு. கருணைச் சாவு பற்றி உச்ச நீதிமன்றம் 2018-இல் தந்து 2023-இல் எளிமைப்படுத்திய வழிமுறை, பிழைக்க வாய்ப்பில்லாத நோயாளியின் சிகிச்சையை விலக்குவதற்கானது. இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்க்க வேண்டும். ஏற்கெனவே இறந்துவிட்டவருக்கு அந்த வழியே போகச் சொல்வது, இறக்கவில்லை என்று ஒப்புக்கொள்வதுதான். எனவே பலரும் எளிய வழியைத் தேர்கிறார்கள்: ஒன்றும் செய்யாமல் இதயம் தானாக நிற்கும்வரை காத்திருக்கிறார்கள். அது சில மணி நேரமாகலாம், சில நாள்களும் ஆகலாம். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. பல குடும்பங்களைக் கடனிலிருந்து காத்த திட்டம் அது. ஆனால் மூளைச்சாவு என்ற பேச்சு எழும்போது அந்த 48 மணி நேரம் பெரும்பாலும் முடிந்திருக்கும். தனியார் மருத்துவமனை என்றால் அதற்குப் பின் காப்பீட்டு அட்டை எதுவரை தாங்குமோ அதுவரைதான். கூலி வேலைக்காரரின் வீட்டில் மறுப்பதற்கு ஒரு விலை, சம்மதிப்பதற்கு வேறொரு விலை என்று ஆகிவிடுகிறது.

2018 மே மாதம் நடந்த ஒன்றை இந்த இடத்தில் நினைத்துப்பார்க்க வேண்டும். பாலக்காடு மாவட்டத்து இளைஞர் ஒருவர் கள்ளக்குறிச்சி அருகே விபத்தில் சிக்கினார். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவருக்கு மூளைச்சாவு என்று அறிவித்தார்கள், உறுப்புகள் எடுக்கப்பட்டன. சிகிச்சைக் கட்டணத்தைக் கட்ட வழியில்லாத நிலையில் தங்களைச் சம்மதிக்க வைத்தார்கள் என்று குடும்பத்தார் புகார் சொன்னார்கள். கேரள முதல்வர் தமிழக முதல்வருக்குக் கடிதமே எழுதினார். அந்தப் புகார் எந்த அளவுக்கு உண்மை என்பது தனி விஷயம். அப்படியொரு புகார் எழ முடிகிறது என்பதே சட்டத்தின் ஓட்டையைக் காட்டுகிறது. உடலைப் பராமரிக்கவும் உறுப்பை எடுக்கவும் அனுப்பவும் ஆகும் செலவு எதையும் கொடையாளியின் குடும்பத்திடம் வாங்கக் கூடாது என்று 2014 விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. நல்ல விதி. ஆனால் மறுத்த குடும்பத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சம்மதித்தால் மீட்டர் நிற்கும், மறுத்தால் ஓடும் என்ற ஏற்பாட்டை வைத்துக்கொண்டு ‘தானம்’ என்று பேசுவது கூச்சமாக இருக்கிறது.

சந்தேகத்துக்கு ஊட்டம் தர நம் சினிமாவும் தயங்கவில்லை. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் விபத்தில் மூளைச்சாவடைந்த தங்கள் மகனின் உறுப்புகளைத் தந்தபோது தமிழகமே நெகிழ்ந்தது. அப்படி ஓர் இதயம் சாலை வழியே பறக்கும் கதை மலையாளத்தில் ‘டிராஃபிக்’ ஆகித் தமிழில் 2013-இல் ‘சென்னையில் ஒரு நாள்’ ஆனது. இரண்டே ஆண்டில் வந்த ‘காக்கி சட்டை’, உறுப்புக்காகவே ஆளை மூளைச்சாவுக்குத் தள்ளும் கும்பலைக் காட்டியது. ‘ஜோசப்’ என்ற மலையாளப் படமும் அதன் தமிழ் வடிவமான ‘விசித்திரன்’ படமும் அதே பயத்தைத் தொட்டன. இயக்குநர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. உறுப்பு வேண்டும்போது மட்டும் ஒருவரை இறந்தவர் என்று சொல்லும் சட்டம் இருக்கும்வரை இந்தக் கதைகள் நம்பும்படியாகவே இருக்கும். கண்தானத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் துலங்கும். அங்கே இதயம் நின்று, வீட்டில் அழுகுரல் எழுந்த பிறகுதான் தகவல் போகிறது. ஆறு மணி நேரத்துக்குள் பயிற்சி பெற்ற பணியாளர் வீட்டுக்கே வந்து கருவிழியை எடுத்துப்போகிறார். இலங்கையில் 1961-இல் டாக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கம் பல நாடுகளுக்குக் கருவிழி அனுப்பும் அளவுக்கு வளர்ந்ததற்குப் பௌத்தம் ஒரு காரணம் என்பார்கள். இருக்கலாம். கொடுப்பவர் வீட்டில் மரணத்தைப் பற்றிய ஐயம் துளியும் இல்லாததையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விபத்துச் சாவில் காவல் துறையும் உள்ளே வருகிறது. பிரேத விசாரணை தேவைப்படும் என்று கருதினால் உறுப்பு எடுக்க அனுமதி தரக் கூடாது என்கிறது சட்டத்தின் நான்காம் பிரிவு. பிரேதப் பரிசோதனைக்குப் போகும் உடலிலும், எடுக்கப்போகும் உறுப்பு அந்த ஆய்வுக்குத் தேவைப்படாது என்றால் எடுக்கலாம் என்கிறது ஆறாம் பிரிவு. ஒன்றையொன்று மறுப்பதுபோலத் தோன்றும் இவற்றுக்கு நடுவே 2014 விதிகள் பாதை போட்டன: மருத்துவமனை காவல் நிலையத்துக்கு எழுத வேண்டும், பிரேதப் பரிசோதனை மருத்துவர் முடிந்தவரை உறுப்பு எடுக்கும்போதே உடனிருக்க வேண்டும், எடுத்தவர் தரும் குறிப்பு பரிசோதனை அறிக்கையில் சேர வேண்டும். அந்தி சாய்ந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்தபோது உறுப்புதானத்தைத்தான் முதல் காரணமாகச் சொன்னது. தாளில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் விபத்து குஜிலியம்பாறை காவல் எல்லையில், உடல் மதுரையில் என்றால், விசாரணை அதிகாரி அங்கே போய்ச் சேரும்வரை குடும்பம் பிணவறை வாசலில் காத்துக்கிடக்க வேண்டும். தானம் தந்தால் உடல் வர இன்னும் ஒரு நாளாகும் என்ற அச்சம் கிராமத்தில் மத நம்பிக்கையைவிடப் பெரிய தடை. இங்கும் அதே குழப்பம் தலைகாட்டுகிறது: மரணம் எந்த மணிக்கு நிகழ்ந்தது என்று சட்டம் எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லிவிட்டால், முதல் தகவல் அறிக்கையின் பிரிவை மாற்றும் வேலையைக் காவல் துறை அந்த மணியிலேயே தொடங்கலாம்.

தமிழகம் இதில் ஏற்கெனவே முன்னணியில் இருக்கிறதே, இப்போது எதற்குச் சட்டத்தை நோண்ட வேண்டும் என்று கேட்கலாம். 2008-இல் தொடங்கிய திட்டமும், 2014 முதல் அதை நடத்தும் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமும் செய்தது பெரிய வேலை. கொடையாளிகளின் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பர் 23-இல் அறிவித்த பிறகு வேகம் கூடியது. 2024-இல் 268 பேரின் குடும்பங்கள் சம்மதித்தன. அந்த ஆண்டில் நாடு முழுக்க இறந்தவர்களிடமிருந்து நடந்த கொடை ஆயிரத்துச் சொச்சம் என்பதோடு சேர்த்துப் பார்த்தால் இதன் பெருமை விளங்கும். ஆனால் இந்தக் கணக்கில் சம்மதித்தவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். மறுத்துவிட்டு, வெண்டிலேட்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாள்களைக் கழித்த குடும்பங்களுக்கு எந்த ஏட்டிலும் வரி இல்லை. சட்டம் அவர்களுக்கும் கடமைப்பட்டது.

இன்னொரு சாரார், சம்மதம் கேட்பதையே விட்டுவிடலாம் என்கிறார்கள். எதிர்ப்பு எழுதிவைக்காதவர் எல்லாரும் கொடையாளியே என்று வைத்துக்கொள்ளலாமாம். சிங்கப்பூர் 1987-இலேயே அப்படிச் செய்தது. இங்கிலாந்து 2020-இல் செய்தது. எல்லாரும் காட்டும் ஸ்பெயினில் அந்தச் சட்டம் 1979 முதல் இருக்கிறது, ஆனால் அங்கே குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. அதன் வெற்றி 1989-இல் அமைத்த ஒருங்கிணைப்பாளர் வலைப்பின்னலில் இருக்கிறது. பிரேசில் 1997-இல் இப்படியொரு சட்டம் போட்டு, மக்கள் மிரண்டதால் அடுத்த ஆண்டே கைவிட்டது. இங்கிலாந்துக்கும் கசப்பான பாடம் உண்டு. லிவர்பூலின் ஆல்டர் ஹே மருத்துவமனையில் 1988 முதல் 1995 வரை இறந்த குழந்தைகளின் உறுப்புகளைப் பெற்றோருக்குத் தெரியாமல் எடுத்துப் பாட்டிலில் வைத்திருந்தது வெளியானபோது எழுந்த கொதிப்பில்தான் 2004-இன் மனிதத் திசுச் சட்டம் பிறந்தது. சிறுநீரகச் சந்தையைப் பார்த்து வளர்ந்த தமிழ்நாட்டில், 2025-இல்கூடப் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகம் விலைபோன செய்தியைப் படித்த தமிழ்நாட்டில், கேட்காமல் எடுக்கும் அதிகாரத்தை அரசிடம் கொடுப்பது இருக்கும் நம்பிக்கையையும் கெடுக்கும்.

மூளைச்சாவு எல்லாருக்கும் மரணமே என்று ஆக்கினால், படுக்கை காலியாவதற்காக ஏழை நோயாளியின் வெண்டிலேட்டரை அவசரமாகப் பிடுங்குவார்கள் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். இதை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் இன்றைக்கு அந்தப் பாதுகாப்பு யாருக்கு இருக்கிறது? கட்டணம் கட்ட முடியாத குடும்பம் நோயாளியை வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, கையால் அழுத்தும் காற்றுப்பையோடு ஆம்புலன்ஸில் ஏற்றுவது நடக்கவே செய்கிறது. நான்கு மருத்துவர் கையெழுத்து, ஆறு மணி நேர இடைவெளி எதுவும் அந்தப் பயணத்துக்குக் கிடையாது. சட்டம் வந்தால் அந்த நோயாளிக்கும் கட்டாயப் பரிசோதனை கிடைக்கும். மூளைத்தண்டு இன்னும் இயங்குகிறது என்று தெரிந்தால் அவரை அனுப்பக் கூடாது என்று வாதிடக் குடும்பத்துக்கு ஒரு தாள் இருக்கும். அறிவித்த பிறகு உறவினர் வந்து பார்க்க, தூரத்திலிருந்து மகன் வந்து சேர, ஒரு நியாயமான அவகாசத்தைச் சட்டமே குறிக்கலாம். மத நம்பிக்கையால் மூளைச்சாவை ஏற்காதவருக்கு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் விலக்கு தருகிறது. அதைப் போன்ற ஏற்பாட்டையும் இங்கே யோசிக்கலாம். இந்த ஆட்சேபத்துக்கு அஞ்சி முடிச்சை அவிழ்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானைப் பார்க்கலாம்: அது 1997-இல் நம்மைப் போலவே சம்மதத்தையும் மரணத்தையும் ஒரே கயிற்றில் கட்டிப் பல ஆண்டுகள் திணறியது.

கொடுப்பவர் கிராமத்துக்காரர், பெறுபவர் நகரத்துப் பணக்காரர் என்ற மனத்தாங்கலுக்கும் பதில் சொல்ல வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் மாற்று அறுவைகளை ஏற்கிறது. சென்னை ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, மதுரை ராஜாஜி மருத்துவமனைகளில் அவை நடக்கின்றன. போதாது என்பது உண்மை. பங்கீட்டில் அரசு மருத்துவமனைகளின் கை ஓங்க வேண்டும். ஆனால் அது யாருக்குப் போக வேண்டும் என்ற சண்டை. யார் இறந்தவர் என்ற கேள்வியை அதற்காகத் தொங்கவிட்டு வைக்க வேண்டியதில்லை.

தமிழக அரசு என்ன செய்ய முடியும்? உறுப்பு மாற்றுச் சட்டம் மாநிலங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் அரசியல் சாசனத்தின் 252-ஆம் பிரிவின்கீழ் நாடாளுமன்றம் இயற்றியது. ஏற்றுக்கொண்ட மாநிலம் அதைத் தானாகத் திருத்த முடியாது. பிறப்பு இறப்புப் பதிவு அப்படியல்ல, பொதுப்பட்டியலின் 30-ஆவது இனம். 1969 சட்டத்தின் வரையறையில் மூளைத்தண்டுச் சாவையும் சேர்க்கும் ஒரு வரித் திருத்தத்தைச் சட்டப்பேரவையே நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பலாம். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. உறுப்புதானம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் மூளைச்சாவு மரணமே என்ற நிலையைக் கேரளம் 2020-இல் தன் வழிமுறைகளில் எடுத்தது. தமிழக அரசும் இரண்டு ஆணைகள் போடலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூளைச்சாவுக்கான அறிகுறி தெரிந்த ஒவ்வொருவருக்கும், உறுப்பு வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சை எடுக்கும் முன்பே, பரிசோதனையை முடித்து முடிவை எழுத்தில் தர வேண்டும் என்பது ஒன்று. இரண்டாம் பரிசோதனையின் முடிவு வந்த மணியிலிருந்து, குடும்பம் எந்தப் பதில் சொன்னாலும், மருத்துவமனை ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது, அந்தச் செலவைக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கும் என்பது இன்னொன்று. சம்மதம் கேட்கும் ஒருங்கிணைப்பாளர் அதன் பிறகு குடும்பத்தின் முன் உட்கார்ந்தால் போதும்.